போர்டில் இருக்கும் பெயர், அடையாறில் இருந்த பாட்டி



போன வாரம் என்னிடம் படித்த பையன் ஒருவன் போன் செய்தான். இப்போது அவனுக்கே மூன்று வயதில் ஒரு மகள். "டீச்சர், முடிச்சூர்ல ஒண்ணு, படப்பையில ரெண்டு ஸ்கூல் பார்த்தோம். எல்லா போர்டுலயும் மாண்டிசோரின்னு போட்டிருக்கு. எதுல சேர்க்கலாம்?"

"மாண்டிசோரின்னா என்னப்பா?" என்று கேட்டேன்.

"ஏதோ ஃபாரின் சிலபஸ் டீச்சர்."

அவனைக் குறை சொல்ல மாட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் அவ்வளவுதான் தெரியும். அது சிலபஸ் இல்லை, ஒரு அம்மாவின் பெயர். நம் அடையாறில் வாழ்ந்த இத்தாலிக்காரப் பாட்டி அவர்.

மரியா மாண்டிசோரி பிறந்தது 1870இல். பெண்கள் டாக்டருக்குப் படிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், 1896இல் ரோமில் மருத்துவப் பட்டம் வாங்கினார். 1907இல் அந்த ஊரின் சான் லொரென்சோ பகுதியில், அப்பா அம்மா வேலைக்குப் போனபின் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் திரிந்த பிள்ளைகளுக்காக முதல் 'குழந்தைகள் இல்லம்' திறந்தார். கவனியுங்கள், அது ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. பிறகு முசோலினி ஆட்சியோடு ஒத்துப்போகாமல் 1934இல் இத்தாலியை விட்டே வெளியேறினார்.

1939 நவம்பரில், 69 வயதில், பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைத்து சென்னைக்கு வந்தார். அருண்டேலின் மனைவிதான் நம் ருக்மிணி தேவி. அடையாறில் ஓலைக் கொட்டகை போட்டு வகுப்பு நடந்தது. முந்நூறு பேருக்கு மேல் வந்து படித்தார்கள். பாட்டி இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் சொல்வார்.

இந்த மாரியோ அவர் பெற்ற பிள்ளை. கல்யாணம் ஆகாமல் பிறந்ததால், கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார். பதினைந்து வயதுவாக்கில்தான் பையன் அம்மாவிடம் வந்து சேர்ந்தான். அதன்பிறகும் வெகுகாலம் உறவுக்காரப் பையன் என்றுதான் அறிமுகம். எல்லாம் ஊர் வாய்க்குப் பயந்து.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. எதிரி நாட்டுக்காரர் என்று ஆங்கிலேய அரசு மாரியோவை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோனது. பாட்டி சபை வளாகத்தைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. ஆகஸ்ட் 31, அவருடைய 70வது பிறந்தநாளுக்கு வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. உங்கள் மகனைத் திருப்பி அனுப்புவதே நாங்கள் தரக்கூடிய நல்ல பரிசு என்று அதில் இருந்தது. 'மகன்' என்ற சொல் அன்றுதான் வெளிப்படையாக வந்தது என்பார்கள். நம் அடையாறில்!

போர் முடியும்வரை ஊர் திரும்ப முடியவில்லை. அவர் சும்மா உட்காரவில்லை. கொடைக்கானலில் இருந்தார், ஊர் ஊராக ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பிறந்த நாளிலிருந்தே குழந்தை தன்னைத் தானே உருவாக்கிக்கொள்கிறது என்ற அவர் எண்ணம் இங்கேதான் விரிந்தது. அதைச் சொல்லும் புத்தகம் 1949இல் சென்னையில்தான் வெளியானது. 1952இல் ஹாலந்தில் காலமானார்.

ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தால் சொந்தப் பிள்ளையின் சின்ன வயதை இழந்த ஒரு தாய், அந்த வயதை வீணாக்காதீர்கள் என்று உலகத்துக்குச் சொன்னார். அவர் பெயரை போர்டில் மாட்டிவிட்டு நாம் என்ன செய்கிறோம்? அதே ஊர் வாய்க்குப் பயந்து மூன்று வயதுக் கையில் பென்சிலைத் திணிக்கிறோம்.

நானும் யோக்கியம் இல்லை. கை கட்டு, வாய் பொத்து என்று உங்களை உட்கார வைத்தவள்தான். அழுகிற பிள்ளையின் கையைப் பிடித்து 'அ' எழுத வைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் சிலர் இன்று இதைப் படிப்பீர்கள். மன்னித்துவிடுங்கள்.

அந்தப் பெயர் யாருக்கும் தனிச்சொத்து இல்லை. யார் வேண்டுமானாலும் மாட்டலாம். அதனால் போர்டைப் பார்க்காதே, உள்ளே போய் அரைமணி நேரம் உட்கார் என்று பையனிடம் சொன்னேன். பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் சாமான் இருக்கிறதா? தானே எடுத்து, தானே திருப்பி வைக்கிறதா? டீச்சர் கத்தாமல் கவனிக்கிறாரா? இதெல்லாம் இருந்தால் அங்கன்வாடியில் புளியங்கொட்டை எண்ணினாலும் அது மாண்டிசோரிதான்.

"சரி டீச்சர். ஆனா பக்கத்து வீட்டுப் பாப்பா இப்பவே ஏபிசிடி முழுசா எழுதுதே?"

அந்தப் பயத்தைத்தான்பா விடச் சொல்கிறேன்.

உங்கள் டீச்சர்,
படப்பை