கடைக்கு கொம்பியூட்டர் வாங்கப் போகும் நானாமாருக்கு



நமதூர்க் கடைகளில் இப்போது கடன் கொப்பி குறைந்து கொம்பியூட்டர் கூடி வருகிறது. நல்ல விடயம்தான். ஆனால் வாங்குகிற விதத்தில் எனக்கு உடன்பாடில்லை. பக்கத்துக் கடைக்காரர் என்ன வாங்கினார், என்ன விலை, தவணைக்குத் தருவார்களா என்று மட்டும் விசாரிக்கிறோம்.

பெட்டி பழுதானால் வேறு பெட்டி வாங்கலாம். உள்ளே உள்ள கணக்கு போனால் எங்கே வாங்குவது? அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (அல்பகரா 282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியே பேசுகிறது. முதலாளி மௌத்தாகிவிட்டால், சொத்தைப் பிரிக்க முன் கடனை அடைக்க வேண்டும். வாப்பா யாருக்கு எவ்வளவு கொடுக்க இருந்தது என்று பார்க்கப் பிள்ளைகளிடம் பாஸ்வேர்ட் கூட இல்லை என்றால், அந்தப் பொறுப்பு யாருடையது?

ஆகவே காசு கொடுக்க முன் இவற்றைக் கேளுங்கள்:

1. பிரதான பாஸ்வேர்ட் யார் கையில்? சொஃப்ட்வேர் போட்டுத் தந்த தம்பி கட்டாருக்குப் போய்விட்டால் யாரைக் கூப்பிடுவது?

2. கடன் பட்டியலையும் சாமான் பட்டியலையும் எக்ஸலில் எடுக்க முடியுமா? முடியும் என்றால் உங்கள் முன்னாலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

3. வருடக் கட்டணம் பிந்தினால் பழைய கணக்கையாவது பார்க்க விடுவார்களா, இல்லை பூட்டிவிடுவார்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

4. இன்டர்நெட் இல்லாத நேரம் பில் போடலாமா? 2022இல் கரண்ட் வெட்டிய வெட்டை நாம் மறக்கவில்லை. யூபிஎஸ்ஸின் விலையையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

5. பாவித்த கொம்பியூட்டர் என்றால் அதில் விண்டோஸ் 11 முறையாக ஓடுமா? விண்டோஸ் 10க்கான வழமையான இலவசப் பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. மலிவாகக் கிடைக்கும் பழைய பெட்டிகளில் அநேகமானவை 11க்குத் தகுதியற்றவை.

வாங்கிய பின்னும் ஒரு வேலை இருக்கிறது. இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்கில் மாறி மாறிக் கணக்கைப் பிரதி எடுங்கள். ஒன்றைக் கழற்றி வீட்டில் வையுங்கள். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க்கை வைரஸும் பிடிக்கும், கடையில் தீப்பிடித்தால் அதுவும் போகும்.

"இதெல்லாம் பெரிய கடைகளுக்குத்தான் சேர்" என்பார்கள். பெரிய கடையில் கணக்காளர் இருப்பார். சின்னக் கடையில் முதலாளியும் ஒரு பெட்டியும்தான். இழப்பு அங்கேதான் தாங்க முடியாதது. ஒரு கொப்பியில் அடங்கும் வியாபாரமாக இருந்தால் கொப்பியே போதும். அதில் வெட்கமில்லை.

மற்றவர்களின் கடன் கணக்கு நம்மிடம் இருக்கும் அமானிதம். கடை வைத்திருக்கும் உங்கள் உறவினர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். வேறு கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பேசுவோம்.