போர்ட்டைப் பிடிச்ச பேயும் ரீபூட் மந்திரவாதிகளும்

பொட்டி தட்டுற நம்மாளுங்களுக்குத் தீராத வியாதி ஒண்ணு இருக்கு மக்கா. சர்வர் மக்கர் பண்ணா கில் மைனஸ் 9. அதுக்கும் மசியலைன்னா ரீபூட். ஏன் மக்கர் பண்ணுச்சுன்னு கேட்டா நம்மளை ஒரு மாதிரி பார்ப்பாங்க.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். நான் முன்னே ஆணி புடுங்கின இடத்துல, ராத்திரி ஷிஃப்ட் பையன் ஒருத்தன் தொங்கிப்போன சி++ சர்வரைக் கில் மைனஸ் 9 போட்டுக் கொன்னான். திரும்ப ஏத்தினா 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்'! கண்காணிப்புத் திரை பூரா பச்சை, ஆனா வாடிக்கையாளர் யாருக்கும் பதில் போகலை. 20 நிமிஷம் போராடிட்டு ரீபூட் பண்ணிட்டான். காலையில 'நீதான் என்னமோ நோண்டிட்டே'ன்னு அவனுக்கு அர்ச்சனை. 'டைம்-வெயிட்டுப்பா அது, பொறுத்திருக்கணும்'னு ஒரு பெருசோட தீர்ப்பு வேற.

ஐயா பெருசு, லினக்ஸ்ல டைம்-வெயிட் 60 நொடிதான். அதுலயும் எங்க சர்வர்ல ரீயூஸ்-அட்ரஸ் போட்டிருந்துச்சு. டைம்-வெயிட் அதைத் தடுக்கவே தடுக்காது. (இந்தக் கோஷ்டிதான் டிடபிள்யூ-ரீசைக்கிளைத் திருகிவிட்டு, ஒரே நேட்டுக்குப் பின்னாடி இருந்த பயனர்களைத் தவிக்க விட்டது. 2017ல, கெர்னல் 4.12ல, அதைத் தூக்கியே எறிஞ்சுட்டாங்க.)

மூணு வாரம் கழிச்சு அதே கூத்து. ரீபூட்டுக்கு நீண்ட கையைத் தட்டிவிட்டு, ரூட்டா நுழைஞ்சு எல்எஸ்ஓஎஃப் போட்டேன். 8080ல 'லிசன்' நிலையில குந்தியிருந்தது யாரு? ஜிஜிப்! பழைய லாகைச் சுருக்க சர்வரே கிளப்பிவிட்ட ஷெல் ஸ்கிரிப்ட்டோட வாரிசு. அப்பன் திறந்த சாக்கெட்டு பரம்பரைச் சொத்தா பிள்ளைக்கும் போயிருக்கு. கடைசிப் பங்காளி கையை விடுறவரைக்கும் கெர்னல் போர்ட்டை மூடாது. அப்பனைக் கொன்னா பிள்ளை தானா சாகுமா என்ன? அதுவரைக்கும் வர்ற இணைப்புக்கெல்லாம் கெர்னலே கைகுலுக்கி வரிசையில நிக்க வெச்சுடும். உள்ளே கூப்பிடத்தான் ஆளில்லை. போர்ட்டைத் தட்டி மட்டும் பார்க்குற கண்காணிப்பு பச்சை காட்டாம என்ன செய்யும்?

மருந்து ஒரே ஒரு கொடி: சாக்கெட் திறக்கும்போதே சாக்-க்ளோஎக்ஸெக். லினக்ஸ் 2.6.27லேயே, 2008ல வந்தது. பைத்தான்காரங்க 2014ல, 3.4 பதிப்புல, கேக்காமலே இந்தக் கதவைச் சாத்திட்டாங்க.

கொடியைப் போட்டேன், தொல்லை ஒழிஞ்சுது. டிக்கெட்டுல என்ன எழுதி மூடினாங்க தெரியுமா? 'சர்வர் ரீபூட் செய்யப்பட்டது.' அந்தப் பையன்கிட்ட இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் ஸாரி சொல்லலை.