நாலு பேர், நாலு காகிதம்

"இந்தப் பாப்பாவோட பழைய பாஸ்போர்ட் எங்கே?" என்று செக்-இன் கவுன்டரில் இருந்த பெண் கேட்டபோது, எங்களுக்குப் பின்னால் நீளமான வரிசை. திருக்கடையூரில் மாமனாருக்குச் சதாபிஷேகம். நாள் குறித்தாச்சு, பத்திரிகையும் அடிச்சாச்சு. அடுத்த ஃபிளைட்டில் போய்க்கலாம் என்கிற பேச்சுக்கே இடமில்லை.

மகளின் ஓ.சி.ஐ. கார்டில் இருந்தது அவளுடைய பழைய பாஸ்போர்ட் எண். கையில் இருந்தது புது பாஸ்போர்ட். பழசு வீட்டு அலமாரியில், ஒரு மணி நேரத் தொலைவில்.

இது எங்களுக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் எதுவானாலும் 16 வயதுக்குள் எடுக்கிற பாஸ்போர்ட் 5 வருஷம்தான் செல்லும். ஓ.சி.ஐ. கார்டோ ஆயுள் முழுக்க. ஆக, இரண்டு எண்ணும் என்றைக்காவது ஒரு நாள் ஒத்துப்போகாமல்தான் போகும். முன்பெல்லாம் 20 வயது வரை ஒவ்வொரு புது பாஸ்போர்ட்டுக்கும் கார்டையே மாற்றி வாங்கணும். 2021-ல் அதைத் தளர்த்தினார்கள். இப்போது, 20 வயதுக்கு முன் கார்டு வாங்கியவர்கள், 20 தாண்டி எடுக்கும் முதல் பாஸ்போர்ட்டின்போது ஒரே ஒரு தடவை கார்டை மாற்றினால் போதும். அதுவரை ஒவ்வொரு புது பாஸ்போர்ட்டின் நகலையும் புதுப் படத்தையும் 3 மாதத்துக்குள் ஓ.சி.ஐ. இணையதளத்தில் ஏற்றணும். கட்டணம் கிடையாது. பழைய பாஸ்போர்ட்டைக் கூடவே தூக்கிக்கொண்டு போகணும் என்கிற விதியும் அந்த வருஷமே போய்விட்டது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்குத் தெரியாதே! நான் ஏற்றியிருந்தேன், அதற்கான ஒப்புகை மின்னஞ்சலும் வந்திருந்தது. ஆனால் அது மனைவியின் பழைய மின்னஞ்சல் கணக்கில். பாஸ்வேர்டு இருவருக்குமே மறந்துவிட்டது. வேலையில் தினமும் அடுத்தவர்களுக்கு 'பேக்கப் எடுத்தீங்களா' என்று பாடம் எடுக்கிற ஆள் நான். கடைசியில் மேலதிகாரி ஒருவர் வந்து, தன் திரையில் விதியைப் படித்துப் பார்த்து, போகலாம் என்றார். 40 நிமிஷம். மகள் மட்டும் "அம்மா, நான் தாத்தா ஃபங்ஷனுக்கு வரலையா?" என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சின்னவன் கதை வேறு. ஏழு மாதக் குழந்தை, ஓ.சி.ஐ. வாங்க நேரமில்லை. இ-விசாதான். "கைக்குழந்தைதானே, அங்கே இறங்கிப் பாத்துக்கலாம்" என்று என் நண்பன் ஒருத்தன் சொன்னான். நம்பிடாதீங்க. சென்னையில் இறங்கிய பிறகு வாங்குகிற விசா அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கிடையாது. விசா இல்லாவிட்டால் இங்கேயே விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். பிறந்த குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட், தனி விசா. பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாதம் பாக்கி இருக்கணும். இன்னொன்று, தேடலில் முதலில் வருகிற தளத்தில் பணம் கட்டிவிடாதீர்கள். அரசுத் தளம் மாதிரியே வேஷம் போட்டு இரண்டு மூன்று மடங்கு பிடுங்குகிற தளங்கள் ஏராளம். முகவரியில் 'கவ் டாட் இன்' இருக்கிறதா என்று பாருங்கள்.

திரும்பி வரும்போதுதான் நான் எதிர்பார்க்காத இடத்தில் மாட்டிக்கொண்டோம். லீவு தீர்ந்து நான் முன்னாடியே கிளம்பிவிட்டேன். மனைவி இரண்டு பிள்ளைகளோடு லண்டனில் தன் அக்கா வீட்டில் நான்கு நாள் தங்கி வருவதாக ஏற்பாடு. அவளுக்கு இந்தியப் பாஸ்போர்ட், அமெரிக்க கிரீன் கார்டு. அதனால் பிரிட்டன் விசா முன்பே வாங்கியிருந்தாள். பிள்ளைகளுக்கு விசா வேண்டாம், ஆனால் இ.டி.ஏ. வேண்டும். 2025 ஜனவரி 8 முதல் அமெரிக்க, கனடா பாஸ்போர்ட்காரர்களுக்கும் இது கட்டாயம், கைக்குழந்தை உட்பட. அதையும் வாங்கியாச்சு. எல்லாம் சரியாக இருந்தும் ஹீத்ரோ அதிகாரி கேட்டது வேறு கேள்வி: "இவங்க உங்க பிள்ளைங்கதானா?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. நம்ம பெயர் வைக்கிற முறையை அவர் கண்ணால் பாருங்கள். என் சர்நேம் என் அப்பா பெயர். மனைவியின் சர்நேம் அவள் அப்பா பெயர். பிள்ளைகளின் சர்நேம் என் பெயர். நாலு பேருக்கு மூன்று சர்நேம்! இனிஷியல் என்று ஒற்றை எழுத்தில் நாம் சுருக்கி வைத்திருக்கிற உறவு, பாஸ்போர்ட்டில் விரியும்போது யாரோ மூன்று குடும்பத்து ஆட்களாகத் தெரிகிறது. நல்லவேளை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகலும், நான் நோட்டரி முன் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் அவள் பையில் இருந்தன. அதுவும் அவள் வற்புறுத்தியதால் எழுதியது. நான் "இதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க" என்றுதான் சொன்னேன். கனடா அரசு, பெற்றோரில் ஒருவரோடு மட்டும் பயணம் போகும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கடிதம் வைத்திருக்கச் சொல்லியே அறிவுறுத்துகிறது. டிசம்பரில் அம்மா முன்னாடி, அப்பா பின்னாடி என்று ஊருக்குப் போவது நம்ம வீடுகளில் வழக்கம்தானே. பிள்ளை பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், போகும் நாள், திரும்பும் நாள், உங்கள் போன் எண் எல்லாம் அதில் இருக்கட்டும். அதிகாரி கூப்பிட்டால் போனை எடுங்கள். லண்டனில் காலை என்றால் எனக்கு நடு ராத்திரி. நான் சைலண்டில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இந்த வாரம் சின்னவனுக்கு ஓ.சி.ஐ. விண்ணப்பம் போடுகிறோம். பெற்றோர் இருவரும் கையெழுத்திடணும். பிறப்புச் சான்றிதழில் மனைவியின் பெயர் ஒரு விதம், அவள் பாஸ்போர்ட்டில் இன்னொரு விதம். இனிஷியல் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டும் ஒருவரே என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை மின்னஞ்சல் முகவரி என்னுடையது.