எழுத்துருவை மாற்றினால் போதுமா?

செஞ்சி என்ற ஊர்ப்பெயர் ஆங்கிலத்தில் ஜிஞ்ஜி ஆகிவிட்டது. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதும் அந்த ஆங்கிலப் பெயரில்தான். வெள்ளைக்காரர் வாயில் ஒருமுறை சிதைந்த பெயர், கணினிக்குள் இன்னொரு முறை சிதைகிறது.

டேட்டாபேஸ் மென்பொருளில் செஞ்சி என்று ஏற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். சில இடத்தில் சரியாக வரும். சில இடத்தில் வெறும் கட்டங்கள், சில இடத்தில் கேள்விக்குறிகள், சில இடத்தில் கொம்பு ச-வுக்குப் பின்னால் போய் நிற்கும். உடனே பலரும் செய்வது எழுத்துருவை மாற்றுவது, அளவைக் கூட்டுவது. தலைவலிக்குத் தலையணையை மாற்றிய கதை!

இந்தப் பழக்கத்துக்கும் காரணம் உண்டு. 1990களில் தமிழில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு. சரியான எழுத்துருவைப் போட்டால் உண்மையிலேயே சரியாகிவிடும். 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்ற தரங்களைக் கொண்டுவந்தது; 2010-ல் யூனிகோடை ஏற்றது. குறியீடு மாறிவிட்டது, பழக்கம்தான் மாறவில்லை.

இன்று கட்டமோ இடம் மாறிய கொம்போ தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் திரையில்தான். தமிழ் உள்ள எழுத்துருவைப் போட்டால் கட்டம் பெரும்பாலும் தீரும். எஸ்.க்யூ.எல். சர்வர் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் விடை வரும் கட்டத்துக்கு எழுத்துருவும் அளவும் தனியே அமைக்க வேண்டும். மூடித் திறந்தால்தான் அது தெரியும்.

கேள்விக்குறி அப்படியல்ல. தொடர்பின் குறியீடு மட்டும் தவறாக இருக்கலாம். உள்ளே இருந்த பெயரே அழிந்தும் இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, எண்ணித்தான் பார்க்க வேண்டும். செஞ்சியில் மூன்று எழுத்து. யூனிகோடில் 6 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் 18 பைட். மை எஸ்.க்யூ.எல்.லில் லெங்த் 18, கேரக்டர் லெங்த் 6 என்று வந்தால் பெயர் பத்திரம். லெங்த்தே 6 என்றால் உள்ளே இருப்பது வெறும் கேள்விக்குறிகள். கேரக்டர் லெங்த் 18 என்றால் குறியீடு குழம்பியிருக்கிறது, பெரும்பாலும் மீட்டுவிடலாம். 2018-ல் 8.0 பதிப்பு வரும்வரை அந்த மென்பொருள் தானாக எடுத்துக்கொண்டது லத்தீன் எழுத்தையும் சுவீடன் நாட்டு அகர வரிசையையும். தமிழை நாம்தான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

கல்லூரி லேப்களில் பயிற்சி அட்டவணைகள் பெரும்பாலும் ஆங்கிலப் பெயர்களோடுதான் இருக்கின்றன. அதனால் இந்தக் கோளாறு வேலைக்குப் போகும்வரை மாணவர் கண்ணில் படுவதே இல்லை. முதல் பயிற்சியிலேயே செஞ்சி என்று ஒரு வரி ஏற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். கொம்பு, புள்ளி, இகரக் குறி எல்லாம் அந்த ஒரு சொல்லிலேயே இருக்கின்றன.

நாளைக்கு அதே மாணவர் கையில் பட்டாவும் ரேஷன் அட்டையும் வரும். அதில் ஒரு விவசாயியின் பெயர் கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டுவிட்டால், எந்த எழுத்துருவும் அதைத் திருப்பித் தராது.