அவளிடம் கேட்டீர்களா?

பிறவியிலேயே பார்வையற்றிருந்த மனிதரைப் பற்றி யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டதும், இயேசு அந்த எண்ணத்தையே மறுத்ததும் நமக்குத் தெரியும். அங்கே வரும் பெற்றோரை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. விசாரணையில் அவர்கள், மகன் வயது வந்தவன், அவனிடமே கேளுங்கள் என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். அச்சத்தில் சொன்ன பதில்தான். ஆனால் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோர் பலருக்குச் சொல்ல வராத பதிலும் அதுவே.

திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் கவனியுங்கள். பேச்சு தடுமாறும் சிறுமியிடம் பெயர் கேட்டால், அவள் வாய் திறக்குமுன் தாய் சொல்லிவிடுகிறார். (நாமும் அவளை விட்டுவிட்டு, "பாப்பா நல்லா சாப்பிடுறாளா?" என்று தாயிடம்தானே கேட்கிறோம்!) பெருமூளை வாதம் உள்ள சிறுவன் தானே உண்ண அரை மணி நேரம் ஆகலாம், ஊட்டினால் சீக்கிரம் முடியும். பள்ளி வேன் வாசலில் நிற்கும்போது எந்தத் தாயைக் குறை சொல்வது? ஆயினும் எப்போதும் ஊட்டப்படும் பிள்ளையின் கை பழகுவதில்லை. பயிற்சியாளர் வாரத்தில் சில மணி நேரம்தான் பிள்ளையோடு இருக்கிறார். மற்ற நேரமெல்லாம் வீடு. அங்கும் பெரும்பாலும் தாய் மட்டுமே. தந்தையரும் கட்டணம் கட்டுவதோடு நின்றுவிடாமல் பொறுமையாக உடன் அமர வேண்டும்.

மும்பையில் மிது அலூர், பெருமூளை வாதமுள்ள தம் மகள் மாலினிக்காக 1972இல் ஸ்பாஸ்டிக்ஸ் சங்கத்தைத் தொடங்கினார். மாலினி சிப் ஒரே விரலால் தட்டச்சு செய்யக் கற்று, லண்டனில் இரண்டு முதுகலைப் பட்டங்கள் பெற்று, தம் வாழ்க்கையை நூலாகவும் எழுதினார். எல்லாத் தாய்மாருக்கும் அந்த வசதி வாய்க்காது. ஆனால் மகளால் முடியும் என்று நம்புவதற்கு வசதி தேவையில்லை.

18 வயதில் சட்டமும் குறுக்கே வருகிறது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் போன்றவை உள்ளோருக்கு, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி பெற்றோர் காப்பாளராக விண்ணப்பிக்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, காப்பாளர் அவரோடு கலந்து பேசி முடிவெடுக்க வேண்டும் என்கிறது. எந்தச் சட்டை வேண்டும் என்றுகூட ஒருநாளும் கேட்கப்படாத பிள்ளை, அன்று என்ன சொல்லும்?

"எங்களுக்குப் பிறகு இவளை யார் பார்ப்பார்கள்?" என்று பெற்றோர் கலங்குகிறார்கள். சொத்து, காப்பாளர், இல்லம் என விடை தேடுகிறார்கள். தேவையானவைதான். அவளுடைய விருப்பம் என்ன என்று கேட்டால், "அவளுக்கு என்ன தெரியும்?" என்கிறார்கள்.