மானி பொய்த்தால் பற்றரி என் செய்யும்?

கைத்தொலைபேசி, மடிக்கணினி, சூரியவொளியில் மின்னேறும் விளக்கு என வீடுதோறும் பற்றரிகள் பெருகிவிட்டன. இவற்றுட் பலவற்றில், எஞ்சியுள்ள மின் எவ்வளவு என்று கூறுவதற்கெனச் சிறு மின்சுற்றுப் பலகை ஒன்று உண்டு. அதன் சொல்லை நம்பி, நல்ல பற்றரியைப் பழுதென்று வீசிவிட்டுப் புதியதற்குப் பணம் செலவிடுவோர் உளர். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் விளக்கு, பாதி மின் இருப்பதாகக் காட்டிக்கொண்டே நள்ளிரவில் அணைந்துபோதலும் உண்டு. மின்சுற்றுக்களைத் தாமே அமைத்துப் பழகும் மாணவர்க்குப் பயன்படுமென்று, இப்பிழையைக் கண்டறியும் முறையை இவ்வாரம் நோக்குவோம்.

இப்பலகை மின்னோட்டத்தை நேரே அளப்பதில்லை. ஓட்டம் செல்லும் பாதையில் மிகச் சிறிய தடையொன்றை வைத்து, அதன் இரு முனைகளுக்கும் இடையே தோன்றும் அழுத்த வித்தியாசத்தையே அளக்கின்றது. ஜோர்ஜ் சைமன் ஓம் 1827ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிப்படி, தடை 0.01 ஓம் ஆயின் 1 அம்பியர் ஓட்டத்துக்கு 10 மில்லிவோல்ற்று தோன்றும். இதனைத் தடையால் வகுத்து ஓட்டத்தையும், ஓட்டத்தை நேரத்தோடு பெருக்கிக் கூட்டி மின்னிருப்பையும் பலகை கணிக்கின்றது. ஆதலின் அளவில் நேரும் சிறு பிழை நாளுக்கு நாள் திரண்டு பெரும் பிழையாகும்.

முதலிற் செய்யவேண்டியது, விளக்கு முதலிய சுமையையும் மின்னேற்றியையும் கழற்றிவிட்டு அளவைப் பார்த்தலாகும். அது பூச்சியத்தை ஒட்டி நிற்றல் வேண்டும். 2 மில்லியம்பியர் காட்டினால் அற்பமென்று விட்டுவிடலாகாது. ஒரு நாளில் அது 48 மில்லியம்பியர் மணி. 30 நாளில் 1440. பலகை வேறு வழியால் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளாவிடின், 2000 மில்லியம்பியர் மணி கொள்ளும் பற்றரி, அலுமாரியிற் சும்மா கிடந்தே முக்காற் பங்களவு தீர்ந்ததாகக் கணக்காகிவிடும்.

அடுத்து, நம்பத்தகுந்த பல்மானி ஒன்றைச் சுமையோடு தொடராக இணைத்து, அரை அம்பியர், 1 அம்பியர், 2 அம்பியர் என மூன்று நிலைகளில் இரு அளவுகளையும் ஒப்பிடுக. மூன்றிலும் வித்தியாசம் ஒரே அளவாயின் பிழை பூச்சிய நிலையைச் சார்ந்தது. பலகையின் பூச்சியத்தைத் திருத்துதல் வேண்டும். ஓட்டத்தோடு வித்தியாசமும் அதே விகிதத்திற் பெருகினால் பிழை தடையைச் சார்ந்தது. பலகைக்குக் கொடுக்கப்பட்ட தடையின் பெறுமானமும், உண்மையில் உள்ள தடையும் ஒன்றுதானா எனப் பார்க்க. 0.01 எனக் கணக்கிடும் பலகையில் 0.02 ஓம் தடை இருப்பின் ஓட்டம் இரட்டிப்பாகத் தோன்றும்.

பெறுமானம் சரியாயிருந்தும் அளவு கூடினால், பற்றாசு வைத்த இடத்தை ஆராய்க. அளக்கும் கம்பிகள் தடையின் முனைகளை விட்டு விலகிப் பிணைக்கப்பட்டிருப்பின், இடையிலுள்ள செம்பும் பற்றாசும் தடையோடு சேர்ந்துவிடும். 0.001 ஓம் சேர்ந்தாலே நூற்றுக்குப் பத்துப் பிழை. ஓட்டத்துக்கு இரு வழியும், அளவுக்கு வேறு இரு வழியும் வைக்கும் கெல்வின் இணைப்பு இதனைத் தவிர்க்கும்.

காட்டும் ஓட்டம் மிகக் குறைவாயின், சுமையின் எதிர்முனைக் கம்பி தடையைத் தாண்டி நேரே பற்றரியோடு சேர்ந்துள்ளதா எனத் தேடுக. அவ்வழிச் செல்லும் ஓட்டம் கணக்கில் ஏறாது. சீரான சுமையிற் சரியாகவும், விட்டுவிட்டு இயங்கும் சுமையிற் பிழையாகவும் இருப்பின் பலகையைக் குறைகூற முன், இரு கருவிகளும் வெவ்வேறு கால அளவுக்குச் சராசரி காண்கின்றனவா என நோக்குக.

ஓர் எச்சரிக்கை. அம்பியர் அளக்கும் நிலையில் உள்ள பல்மானியைப் பற்றரியின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒருபோதும் வைத்தலாகாது. இலிதியம் பற்றரி இவ்வாறு குறுக்குச் சுற்றானால் தீப்பற்றவும் கூடும். மாணவர் இச்சோதனையை ஆசிரியரோ பெரியோரோ அருகிருக்கச் செய்வாராக. இத்தனையும் பார்த்து மானியைத் திருத்திய பின்னரும் மின் விரைவில் தீருமாயின், அப்போது புதிய பற்றரி வாங்குவதைப் பற்றி எண்ணலாம்.