பொதி மேலாண்மை நிரலைத் தேர்ந்தெடுத்தல்

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் உள்ள ஒரு சிறு பள்ளி தன் பழைய கணிப்பொறிகளில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவ முற்படுகிறது என்று கொள்வோம். மென்பொருட் பொதிகளைத் தருவித்து நிறுவவும், புதுப்பிக்கவும், வேண்டாதபோது அகற்றவும் வல்ல நிரல் ஒன்று அதற்கு இன்றியமையாதது. இதனையே பேக்கேஜ் மேனேஜர் என்பர்.

டெபியன் குழுவினரின் டிபிகேஜி கையிலுள்ள பொதியை நிறுவுமேயன்றி, அப்பொதி சார்ந்து நிற்கும் பிற பொதிகளைத் தேடிக் கொணராது. அக்குறையை 1999ஆம் ஆண்டு வெளியீட்டில் இடம்பெற்ற ஆப்ட் நீக்கியது. ரெட் ஹாட் நிறுவனத்தின் ஆர்பிஎம் முறைக்கு யம் என்பதும், பின்னர் டிஎன்எஃப் என்பதும் அவ்வேலையைச் செய்தன. இவற்றுள் எது விரைவானது என்று வாதிடுவது பெரும்பாலும் வீண்பொழுதே.

நிரலைக் காட்டிலும் அதன் பின்னுள்ள களஞ்சியமே முக்கியமானது. சி-டாக் நிறுவனம் 2007இல் சென்னையிலிருந்து பாஸ் இயங்குதளத்தை வெளியிட்டபோது, தனிமுறை வகுக்காது டெபியனையே அடிப்படையாகக் கொண்டது. அது தக்க முடிவாகும். 2023இல் வெளிவந்த டெபியன் 12இல் மட்டும் 64,000க்கு மேற்பட்ட பொதிகள் உள்ளன. அவற்றைப் பேணும் தன்னார்வலர் படையை எந்த அரசாலும் ஓரிரவில் திரட்ட இயலாது. கேரளப் பள்ளிகள் டெபியன் வழியிலிருந்து உபுண்டு வழிக்கு மாறியபோதும், இரண்டிற்கும் ஆப்ட் பொதுவாதலால், ஆசிரியர் கற்ற பழக்கம் வீணாகவில்லை.

பொதியின் கையொப்பத்தைச் சரிபார்த்தாலும் ஆபத்து முற்றும் நீங்குவதில்லை. 2024 மார்ச்சில், எக்ஸ்-இசட் என்னும் சிறு நிரலகத்தில் களவுவழி ஒன்று புகுத்தப்பட்டிருந்தது தெரியவந்தது. தொலைநுழைவில் அரை நொடித் தாமதத்தைக் கண்டு ஐயுற்ற பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் அதனை வெளிப்படுத்தினார். டெபியனின் சோதனைக் கிளைகளில் நுழைந்துவிட்ட அது, நிலைத்த பதிப்பை எட்டவில்லை. புதுமைக்கு விரையாத களஞ்சியத்தின் பயன் இதுவே.

ஃபிளாட்பேக், ஸ்னாப் போன்றவை நிரலகங்களில் பலவற்றைப் பொதியோடு சேர்த்தே தருகின்றன. வசதிதான், எனினும் நிரலகமொன்றில் பழுது நேரின், அதனைத் தாங்கிய ஒவ்வொரு தொகுதியையும் தனித்தனியே திருத்த வேண்டிவரும். பழைய கணிப்பொறியின் சிறு வட்டிற்கும் இச்சுமை பொருந்தாது.

ஆகவே அப்பள்ளி ஆப்ட் உள்ள நிலைத்த பதிப்பொன்றைக் கொள்வதே நலம். தருவித்த பொதிகளை ஒரே கணிப்பொறியில் சேமித்துப் பிறவற்றிற்கு வழங்கினால் இணையச் செலவும் மிகும்படி ஆகாது. வாரந்தோறும் புதுப்பிக்கும் பொறுப்பு எந்த ஆசிரியருடையது என்பதனையும் நிறுவுமுன்பே முடிவுசெய்ய வேண்டும்.